அறைக்குள் அடைபட்ட குளியலறை

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் அண்மைக் காலத்தில் எழும்பிய வீடுகள் சிலவற்றில் படுக்கையறை இரண்டுதான் இருக்கும். அதில் ஒன்றுக்குள் ‘அட்டாச்ட் பாத்ரூம்’. வீட்டுக்கே அது ஒன்றுதான் என்றால் மாமனார், மாமியார், பிள்ளைகள், வந்த விருந்தாளி எல்லாரும் யாரோ ஒருவருடைய கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறை புதுத் தம்பதிக்குப் போய்விடும். சர்க்கரை வியாதி உள்ள அப்பா இரவில் மூன்று தரம், நான்கு தரம் எழும்ப வேண்டியவர். மருமகள் படுத்திருக்கும் அறைக் கதவைத் தட்ட அவருக்கு மனம் வராது. கம்பளியைப் போர்த்தி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு, பனியில் பின்பக்க வேலியோரம் போய் வருவார். வெள்ளை டைல் பதித்த குளியலறை பத்தடி தூரத்தில் இருக்கும். அவருக்கு அது இல்லாத மாதிரிதான்.

அம்மாவின் பாடு இதைவிட மோசம். அவர் வேலியோரம் கூடப் போக முடியாது. விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். தண்ணீர் குடித்தால்தானே எழும்ப வேண்டும் என்று பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணீரையே நிறுத்திவிடும் பெண்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு வழிவிடும்.

இப்படிப்பட்ட குளியலறையைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்கும் குடும்பங்களுக்கு என் பதில், தாராளமாக எடுக்கலாம் என்பதுதான். பல வீடுகளில் எடுப்பதே நியாயம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டும். படுக்கையறையிலிருந்து குளியலறை போகட்டும். வீட்டிலிருந்து கழிவறை போகக் கூடாது. எடுத்தது அதே கூரையின் கீழ், எல்லாரும் கூச்சமில்லாமல் போகக்கூடிய இடத்தில் திரும்ப வர வேண்டும். இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இந்த மலைகளின் வரலாற்றில் இருக்கிறது.

துரை பங்களாவின் இரண்டு கதவுகள்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் மலை ஏறிவிட்டார்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து, மலை முழுக்கத் தேயிலையானது. தோட்டத்தின் உச்சியில் துரை பங்களா. கீழே பள்ளத்தில் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின்பக்கம் யன்னலும் கிடையாது.

மேலே பங்களாவில் ஒவ்வொரு பெரிய படுக்கையறைக்கும் தனிக் குளியலறை இருந்தது. அதற்குக் கதவு இரண்டு. ஒன்று துரையின் படுக்கையறைக்குத் திறக்கும், மற்றது பின்வளவுக்கு. குழாய்த் தண்ணீர் வராத அந்தக் காலத்தில் விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஆள் சுமந்துவந்து பின்கதவால் உள்ளே வைப்பார். மலப்பெட்டியை எடுத்துப் போகிறவரும் அந்தப் பின்கதவால் வந்து அதனாலேயே போவார். துரைமார் கண்ணில் அவர் படக் கூடாது என்பது ஏற்பாடு. பழைய பங்களாக்களில் அந்தப் பின்கதவு இருந்த இடத்தை இன்றைக்கும் சுவரில் அடையாளம் காணலாம். சிலவற்றில் கதவே இருக்கிறது. படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை என்ற அமைப்பு நம் மலைக்கு வந்த வழி இது. அறையின் உரிமையாளர் ஒருவர், ஏவல் செய்ய ஆட்கள் பலர் என்று வாழ்ந்த வீட்டுக்குப் போட்ட வரைபடம். ஆறு பேர் ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி வாழும் வீட்டுக்கு அது பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

லயத்தில் என்ன இருந்தது? ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை. தேயிலைச் செடிக்கு இடையிலும் ஓடைக்கரையிலும்தான் எல்லாம். செருப்பில்லாத காலோடு அதே மண்ணில் கொழுந்தெடுத்தார்கள். மலம் கலந்த ஈரமண்ணில் பொரிக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு பாதத்தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்து வெளிறிப்போன முகங்களும், பிரசவத்தைத் தாங்க முடியாமல் இறந்த தாய்மாரும் அந்தக் காலத் தோட்ட வாழ்க்கையின் பகுதி. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் புழு இருந்தது தெரியவந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு செத்தது. சில மாதத்தில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் வந்தது. கழிவறை கட்டாமல் மருந்தால் மட்டும் பயனில்லை என்பது அப்போதே கண்ணுக்கு முன்னால் நிரூபணமான உண்மை. கட்டுவதற்குப் பணம் செலவழிக்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

பிறகு வந்ததெல்லாம் பொதுக் கக்கூஸ். லயத்துக்கு எட்டத்தில் ஒரு வரிசை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, மழைக்காலத்தில் வழுக்கும் பாதை, அட்டை, இரவில் சிறுத்தை பயம். பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலை இருட்டில் பெண்கள் கூட்டாகப் போய் வருவார்கள். குளிப்பது பீலியில், உடுத்த துணியோடு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது வீட்டுக்கும் நலத்துக்குமாக ஒரு நிதியம் அமைந்தது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு அதுதான் மூலம். குடும்பத்துக்கு ஒன்றாகக் கழிவறை கட்டும் வேலை அதன்பின் வேகம் பிடித்தது. லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற கோரிக்கை அரச கொள்கையானது. இந்திய அரசின் உதவியில் 550 சதுர அடி வீடுகள் 4,000 எழும்பத் தொடங்கின. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபை சட்டமானது. இத்தனைக்குப் பிறகும் லயத்துக் காம்பராவில் வாழ்கிற குடும்பங்கள் ஏராளம்.

இவ்வளவு தூரம் நடந்து வந்து சேர்ந்த கழிவறை அது. “அறைக்குள்ளே கக்கூஸா, அசிங்கம், உடைத்துப் போடு” என்று ஒரு பெரியவர் சொன்னால் அவருடைய அருவருப்பு எனக்குப் புரிகிறது. பூசைத்தட்டு இருக்கும் சுவருக்கு அப்பால் கழிவறை இருப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. ஆனால் உடைத்துப் போட்டு, வெளியே இருபதடி தள்ளித் தகரம் அடித்த கக்கூஸுக்கு எல்லாரும் திரும்பிப் போவது என்றால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். அந்த இருபதடியைக் கடக்கப் போவது அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும்தான்.

விடுதியைப் பார்த்துப் போட்ட திட்டம்

நுவரெலியாவில் 1876இல் ஹில் கிளப் தொடங்கியது. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் கட்டிய மாளிகை பின்னாளில் கிராண்ட் ஹோட்டலானது. 1996இல் கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலானது. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களும் உல்லாச விடுதிகளாகின. அறைக்கு ஒரு குளியலறை என்பது விடுதிக்கு நியாயமான கணக்கு. அறையை எடுத்தவர் இரண்டு இரவு தங்குகிறார். பக்கத்து அறைக்காரர் அவருக்கு அந்நியர்.

அந்தக் கணக்கு ஊர் வீட்டுக்குள்ளும் வந்தது. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நிரம்பி வழியும்போது வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டாலும் காசுதான். அட்டாச்ட் என்றால் வாடகை கூட. கொழும்பில் கடை வேலை, மத்திய கிழக்கில் வீட்டு வேலை என்று பிள்ளைகள் அனுப்பிய காசில் வீடு திருத்தியவர்கள் அறைக்குள் குளியலறை வைத்தார்கள். படுக்கையறையின் ஒரு மூலையை நாலங்குல புளொக் கல்லால் மறித்து, ஐந்துக்கு ஐந்து அடியில் ஒன்று. அறை சுருங்கியது, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில் நடக்கும் நிலை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டு கொரோனா, 2022இன் பொருளாதார வீழ்ச்சி என்று அடுத்தடுத்து விழுந்த அடியில் சுற்றுலாப் பயணிகள் வராமல் போனார்கள். வாடகைக்கு என்று கட்டிய அறையில் வீட்டாரே படுக்கத் தொடங்கினார்கள்.

படுத்தால்தான் தெரிகிறது ஈரத்தின் கொடுமை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. ஹீட்டரில் குளித்தால் எழும்பும் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகி வழியும். கொழும்பில் யன்னலைத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும். இங்கே குளிருக்குப் பயந்து யன்னலைத் திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே வருவது மூடுபனி. ஆவி படுக்கையறைக்குள் இறங்கி, கம்பளியிலும் மெத்தையிலும் அலுமாரியின் பின்பலகையிலும் தங்கும். மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். இழுப்பு உள்ள பிள்ளை அந்த அறையில் படுத்தால் இரவெல்லாம் இருமும். இந்த ஒரு காரணத்துக்காகவே அறையை விட்டுக் குளியலறையை அகற்ற நினைப்பவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

கதவை மாற்றினாலே போதும்

மேசன் பாஸைக் கூப்பிட்டுச் சுத்தியலை எடுக்கச் சொல்லுமுன் குளியலறையின் நாலு சுவரையும் சுற்றிப் பாருங்கள். ஒரு சுவர் படுக்கையறைப் பக்கம். மற்றவற்றில் ஒன்று ஹோலையோ, சமையலறைக்குப் போகும் நடையையோ, பின் இஸ்தோப்பையோ தொடுகிறதா? தொட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. படுக்கையறைப் பக்கக் கதவை எடுத்து, நிலையை எடுத்து, கல் வைத்து அடைக்கலாம். நடைப்பக்கம் புதுக் கதவு திறக்கலாம். கொமட்டும் குழாயும் தரையும் மலக்குழியும் இருந்த இடத்திலேயே இருக்கும். படுக்கையறை தனியறை ஆகும். குளியலறை எல்லாருக்கும் பொதுவாகும். துரை பங்களாவின் பின்கதவு போலத்தான். இம்முறை அதன் வழியாக வீட்டாரே போய் வருவார்கள்.

புதுக் கதவுக்குச் சுவரை வெட்டும்போது மேலே லிண்டல் இறக்கிவிட்டுத்தான் கீழே உடைக்க வேண்டும். நாலங்குலத் தடுப்புச் சுவர்தானே என்று அலட்சியம் கூடாது. கூரையின் கைமரம் அதில் உட்கார்ந்திருக்கலாம். குளியலறைத் தரை ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும். புது வாசலில் ஒரு சிறு வரம்பு கட்டினால்தான் தண்ணீர் நடைக்கு வராது. அந்த வரம்பில் வயதானவர் கால் இடறும் என்பதால் அதைச் சரிவாக இழைத்துவிடுங்கள்; சுவரில் ஒரு கைபிடிக் கம்பியும் வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். அடைத்த பழைய வாசலின் குளியலறைப் பக்கத்துக்கு நீர்க்காப்புப் பூச்சும் டைலும் வேண்டும். இல்லாவிட்டால் படுக்கையறைச் சுவரில் ஆறு மாதத்தில் ஈரத்திட்டு தெரியும்.

சமையலறைக்கு நேரே கழிவறைக் கதவு திறக்கக் கூடாது என்று பெண்கள் சொல்வார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். ஈயும் நாற்றமும் சோற்றுக்குப் போகாமல் இருக்க அது சரியான கட்டளை. நடுவில் ஒரு சிறு மறைப்போ இரண்டாவது கதவோ இருந்தால் போதும்.

மாற்றவே கூடாத வீடும் உண்டு. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் தாய், முழங்கால் தேய்ந்த தந்தை அந்த அறையில் இருந்தால் அந்தக் குளியலறை அவர்களுக்குக் கிடைத்த வரம். அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இளையவர்கள் மற்ற அறைக்குப் போவதே சரி.

முழுதாக எடுப்பதென்றால்

வீட்டில் வேறொரு கழிவறை இருக்கிறது, அறைக்குள் இருப்பது உண்மையிலேயே வேண்டாம், அந்த இடத்தை அறையோடு சேர்க்க வேண்டும் என்றால் வேலை பெரிது. பாதியில் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. கதவைப் பூட்டி உள்ளே பழைய சாமான் அடுக்கி வைக்கிறவர்கள் உண்டு. கொமட்டின் வளைவிலும் தரைத் துளையின் கீழும் நிற்கும் தண்ணீர்தான் குழியின் வாயுவை வீட்டுக்குள் வராமல் அடைத்து வைத்திருக்கிறது. சில வாரம் பாவிக்காமல் விட்டால் அது ஆவியாகிவிடும். பிறகு நாற்றம், கரப்பான், சில வேளை எலி.

முதலில் மேலே பாருங்கள். நம் ஊரில் குளியலறைக்கு மேல்தான் சின்னக் கொங்கிரீட் தட்டு போட்டுத் தண்ணீர்த் தாங்கியை வைக்கிறோம். ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் ஒரு தொன். அந்த எடை குளியலறைச் சுவர்களில்தான் நிற்கிறது. தாங்கியை இறக்காமல் கீழே சுவரைத் தட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. தாங்கிக்கு வேறு மேடை கட்டி, வீட்டின் மற்றக் குழாய்களை அதில் இணைத்த பிறகே உடைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். தட்டு இருக்கட்டும், சுவர் மட்டும் போகட்டும் என்று நினைத்தால் அது ஒரு பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

மின்சாரம் அடுத்தது. உடனடி வெந்நீர் ஹீட்டர் 3.5 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 15 அம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் இருக்கும். அனுமதிப்பத்திரம் உள்ள மின்னிணைப்பாளர் வந்து பிரேக்கர் முனையிலிருந்தே கழற்ற வேண்டும். நுனியில் டேப் சுற்றிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டால், பின்னொரு நாள் படம் மாட்ட ஆணி அடிக்கிறவர் அதில் அகப்படுவார். தண்ணீர்க் குழாயையும் கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி மூடுங்கள். சுவருக்குள் முட்டுக்குழாயாக விட்டால் தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும். என்றாவது கசியும்போது எங்கே என்று தேட வேண்டிவரும்.

கொமட்டைக் கழற்றுவது அழுக்கு வேலை, கவனமான வேலை. குளோரின் தண்ணீர் ஊற்றி, கையுறை போட்டுக் கழற்றியதும் நாலங்குலக் குழாய் திறந்தபடி நிற்கும். உடனே தற்காலிகமாக அடைக்க வேண்டும். நிரந்தர அடைப்புக்குத் துணியும் சீமெந்தும் திணிப்பது சிலர் வழக்கம். அது நிற்காது. பீ.வீ.சி. மூடியைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். அதோடு நிறுத்தாமல் வெளியே மேன்ஹோலில் இந்தக் கிளை வந்து சேரும் இடத்தையும் தோண்டி மூட வேண்டும். இல்லாவிட்டால் தரைக்கடியில் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குழாய் எலிக்கு வீடாகக் கிடக்கும். கூரைக்கு மேல் ஏறும் காற்றுக்குழாயை மட்டும் அவசரப்பட்டு அகற்றாதீர்கள். வீட்டின் மற்றக் கழிவறையும் குழியும் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குழி இந்தக் குளியலறைக்கு மட்டும் என்றால் கலி பவுசர் வைத்து இறைத்து, வெறுமையாக விடாமல் மண்ணால் நிரப்புங்கள். எக்காரணத்துக்கும் குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைட் வாயு ஓரிரு மூச்சில் ஆளை விழுத்திவிடும். காப்பாற்றப் போனவரும் கூடவே விழுவார். இலங்கையிலும் இந்தியாவிலும் இப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், நாள்சம்பளக்காரர். பங்களாவின் பின்கதவால் வந்து போனவரின் பேரப்பிள்ளைகளை இன்னொரு தரம் அந்த வேலைக்குள் தள்ள வேண்டாம்.

உடைக்குமுன் சீலிங்கில் இருப்பது அஸ்பெஸ்டஸ் சீட்டா என்று பார்க்க வேண்டும். மலையகத்தில் கூரைக்கும் சீலிங்குக்கும் அது பரவலாகப் பாவனையில் இருக்கிறது. காய்ந்தபடி உடைத்தால் எழும் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, சரியான மாஸ்க் போட்டு, முழுச் சீட்டாகவே கழற்ற வேண்டும். அறுக்கவோ துளைக்கவோ கூடாது.

சுவரும் தரையும்தான் பொறுமையைச் சோதிக்கும். டைலைப் பெயர்த்ததும் உள்ளே நனைந்து கறுத்த பூச்சு தெரியும். அதன்மேல் புதுப் பூச்சுப் பூசி நிறம் அடித்தால் மழைக்காலம் வந்ததும் உப்புப் பூத்து உதிரும். பழைய பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, காற்றாட விட வேண்டும். தரையில் குழாய்க்காகத் தாழ்த்திக் கல்லும் செங்கல் துண்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அத்தனையும் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்தவை. அள்ளி வெளியே போட்டு, புது நிரப்பு இட்டு இடித்து, தடித்த பொலித்தீன் விரித்து, மேலே கொங்கிரீட் போட்டு, அறையின் மட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும். பொலித்தீன் அறைத் தரையின் விளிம்புக்குக் கீழ் ஏறி நிற்க வேண்டும். இணைப்பில்தான் ஈரம் மேலே வரும்.

இதற்குக் காலம் பார்க்க வேண்டும். வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டெம்பர்வரை சுவர் காயாது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்வரைதான் அங்கே கட்டுவேலைக்கு உகந்த காலம். பழைய பங்களாவிலோ உத்தியோகத்தர் குவாட்டர்ஸிலோ சுவர் கருங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். சீமெந்துப் பூச்சு அந்தச் சுவரின் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும்.

கிடைக்கும் இடம் ஐந்துக்கு ஐந்து அடிதான் என்றாலும் ஒரு மேசையும் கதிரையும் தாராளமாகக் கொள்ளும். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தோன்றவில்லை. உயரத்தில் இருக்கும் சின்னக் காற்று யன்னலை எடுத்து, மேசை மட்டத்துக்கு இறக்கிப் பெரிதாக்க வேண்டும். அது செலவுதான்; ஆனால் வெளிச்சமில்லாத மூலையில் எந்தப் பிள்ளையும் உட்காராது. கழற்றிய கொமட், கைகழுவும் தொட்டி, டைல் எதையும் எறியாதீர்கள். லயத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கு அவை புதுச் சாமான்.

சரிவில் விடும் தண்ணீர்

கழிவறையை வேறு இடத்துக்கு மாற்றும்போது குழியும் மாறலாம். மலையில் இது மேசன் பாஸ் தனியாக முடிவெடுக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. வீடு நிற்பது சரிவில். வெட்டிய மண்மேட்டின் தலைப்பக்கம் ஊறவிடும் குழி தோண்டினால் அன்றாடம் அந்தச் சரிவுக்குள் நாமே தண்ணீர் இறைக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தின் எத்தனையோ சரிவுகள் இறங்கின. அவற்றுக்கெல்லாம் பெருமழைதான் முதற்காரணம். ஆனாலும் நனைந்து ஊறிப்போன சரிவு முதலில் இறங்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைச்சரிவில் கழிவுநீரையும் கூரைநீரையும் கண்டபடி ஊறவிடாமல் வழிப்படுத்தச் சொல்வது இதனால்தான். வீட்டுச் சுவரில் சரிவெடிப்பு, வாசலில் நிலவெடிப்பு, மரம் சாய்தல் ஏதாவது தெரிந்தால் குளியலறை வேலையை நிறுத்திவிட்டு அவர்களுக்கு அறிவியுங்கள். மலக்குழியின் அளவுக்கும் அமைப்புக்கும் எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரக்கோவை இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடம் பார்த்துச் சொல்வார். கீழ்ச்சரிவில் யாருடைய பீலி இருக்கிறது என்பதையும் அவரோடு சேர்ந்து பாருங்கள்.

அனுமதி யாரிடம்? வீட்டுக்குள் கதவை மாற்றுவது சிறு வேலை. வெளியே புதிதாக அறை எழுப்புவது, குழி தோண்டுவது என்றால் பிரதேச சபையில் கேட்க வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் கையைத் தோட்ட எல்லைக்கு வெளியே கட்டி வைத்திருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதையொட்டிய காலத்தில் நுவரெலியாவும் அம்பகமுவையும் பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் புதிதாக வந்தன. அலுவலகம் முன்னைவிடப் பக்கத்தில் இருக்கிறது. போய்க் கேட்பது நம் உரிமை.

காணி தோட்டத்துடையது, உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தில் என்ன வேலை, எந்தச் சுவர், குழி எங்கே என்று ஒரு சின்ன வரைபடத்தோடு எழுதுங்கள். வீட்டில் வயதானவரோ நோயாளியோ இருந்தால் தோட்ட வைத்தியரிடம் ஒரு குறிப்பு வாங்கி அதோடு இணையுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிச் சுவரில் கை வைக்க வேண்டாம். பிரதி ஒன்றைத் தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுத்து, திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.